உப்பும் மீனும் காய்ச்சிய இரவு: ஸ்கைரிமில் நான் இழந்தது

ஸ்கைரிம் என்ற கணினி விளையாட்டைத் தனியாக, பக்கத்தில் கேட்டறிய ஓர் ஆள் இல்லாமல் விளையாடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். 2022ஆம் ஆண்டு மே மாதக் கடைசியில், ஐந்து மாதமாக 118 மணி நேரம் செலவழித்து வளர்த்த விளையாட்டுப் பாத்திரத்தை, விளையாட்டின் ஓட்டையைப் பயன்படுத்தும் ஒரு தந்திரத்தால் ஒரே இரவில் என் கையாலேயே கெடுத்துக்கொண்டேன். அதைச் சரிசெய்யப் போய்ப் பணத்தை இழந்தேன், வீட்டுக் கணினியில் இருந்தவற்றைப் பறிகொடுத்தேன், அக்காவின் ஒரு வருட உழைப்பையும் நாசமாக்கினேன். அந்தத் தந்திரத்தை எப்படிச் செய்வது என்று காட்டும் காணொளிகள் ஏராளமாக இருந்தன. செய்யுமுன் எதைக் காப்பாற்றி வைக்க வேண்டும், எந்த இடத்தில் கையை எடுக்க வேண்டும் என்று சொல்ல ஒருவரும் இருக்கவில்லை. தமிழில் தேடினேன். ஒரு வரிகூடக் கிடைக்கவில்லை.

எனக்கு ஊர் இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள கல்குடா. பாசிக்குடாவில் ஒரு ஹோட்டலின் வரவேற்பு மேசையில் வேலை. 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு ஒரு தடவை, 2020இல் கொரோனா வந்தபோது ஒரு தடவை என்று எங்கள் தொழில் படுத்துப் படுத்து எழுந்தது. 2022இல் மீண்டும் படுத்தது. மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாயைத் தொட்டது. வெளிநாட்டு விருந்தினர்கள் வரவில்லை. எங்களுக்கு அரைச் சம்பளம் என்று சொல்லி, வாரத்தில் மூன்று நாள் வந்தால் போதும் என்றார்கள். பெற்றோல் கிடைக்காததால் அந்த மூன்று நாளும் சைக்கிளில் போனேன். மற்ற நாட்களில் வீட்டில் இருந்தேன். கட்டாரில் வேலை செய்யும் மாமாவின் மகன், எனக்கு மச்சான், அதற்கு முந்தைய டிசம்பரில் கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் தளத்தில் மலிவு விற்பனை நடந்தபோது ஸ்கைரிமின் சிறப்புப் பதிப்பை எனக்குப் பரிசாக அனுப்பியிருந்தான். 2011 நவம்பர் 11ஆம் திகதி பெதஸ்டா நிறுவனம் வெளியிட்ட விளையாட்டு அது. 2016இல் வந்த சிறப்புப் பதிப்பு என் பழைய கணினியிலும் தட்டுத் தடுமாறி ஓடியது. "பெரிய காடு மச்சான், அவசரப்படாமல் நட" என்று மட்டும் எழுதியிருந்தான்.

அந்த மாதங்களில் மின்வெட்டு எப்படி இருந்தது என்பது இலங்கையில் இருந்தவர்களுக்கு நினைவிருக்கும். ஒவ்வொரு பகுதிக்கும் ஓர் ஆங்கில எழுத்தைக் கொடுத்து, எந்த எழுத்துக்கு எத்தனை மணிக்கு வெட்டு என்று அட்டவணை போட்டார்கள். மார்ச் 31ஆம் திகதி 13 மணி நேரம் மின்சாரம் இல்லை. நான் காலையில் எழுந்ததும் அட்டவணையைப் பார்த்து, மின்சாரம் இருக்கும் நேரத்தை இரண்டாகப் பிரித்துக்கொள்வேன். பகல் நேரம் அக்காவுக்கு. அவர் வெளிவாரிப் பட்டப்படிப்பின் கடைசி வருடத்தில் ஆய்வுக் கட்டுரை தட்டச்சு செய்துகொண்டிருந்தார். இரவு நேரம் எனக்கு. மின்சாரம் இல்லாத நேரத்தில் குப்பி விளக்கின் கீழே ஒரு சீ.ஆர். கொப்பியைத் திறந்துவைத்து, அடுத்த முறை எந்த ஊருக்குப் போவது, எந்தப் பூவுடன் எந்த வேரைச் சேர்த்தால் என்ன மருந்து வரும் என்று எழுதிக்கொண்டிருப்பேன். அம்மா எட்டிப் பார்த்து, "என்ன மனே, சோதனைக்குப் படிக்கிறாயா?" என்று கேட்டது நினைவிருக்கிறது. படிப்பதைப் போலத்தான் செய்துகொண்டிருந்தேன். வெளியே எவ்வளவு உழைத்தாலும் கையில் ஒன்றும் தங்காத காலம் அது. அந்த விளையாட்டுக்குள் நான் பத்துக் கத்தி அடித்தால் பத்துக் கத்திக்குரிய தேர்ச்சி கூடியது. அதற்காகத்தான் நான் இரவு இரவாக அங்கே போனேன். இதை நான் அப்போது தெரிந்து வைத்திருக்கவில்லை. தெரிந்திருந்தால் பின்னால் செய்ததைச் செய்திருக்கமாட்டேன்.

தந்திரங்கள் என்றால் எல்லாமே கெடுதல் என்று நான் சொல்லவில்லை. சிறிய தந்திரங்கள் விளையாட்டின் ருசியோடு சேர்ந்தவை. இரும்புக் கத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். ஓர் இரும்புக் கட்டி, ஒரு தோல் வார், அவ்வளவுதான் செலவு. ஆரம்பத்தில் பலர் கத்திகளை மட்டும் அடித்து அடித்தே கொல்லர் தொழிலில் உச்சமான 100 வரை ஏறினார்கள். 2012இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, செய்யும் பொருளின் பெறுமதிக்கு ஏற்பத்தான் தேர்ச்சி கூடுகிறது. கத்தி இப்போது அவ்வளவு பயன் தராது. மருந்துக் கடைக்கு விற்பதற்கு, அரக்கனின் கால் விரலையும் கோதுமையையும் சேர்த்துக் காய்ச்சினால் நல்ல விலை போகும். டோன்ஸ்டார் என்ற பனிக்கரை ஊரில், இரும்புச் சுரங்கத்தின் அருகே பாறைகளுக்கிடையில் கண்ணுக்குத் தெரியாத ஒரு பெட்டி இருக்கிறது. பூனை முகம் கொண்ட கஜீத் வணிகர்களின் சரக்கு முழுவதும் அதில்தான் கிடக்கும். குறியைச் சரியாக வைத்தால் திறக்கலாம். இவற்றையெல்லாம் நான் செய்தேன், மகிழ்ச்சியாகவே செய்தேன். ஆனால் இங்கேயே ஒரு பாடம் இருக்கிறது. ஸ்கைரிமில் எந்தத் தேர்ச்சி கூடினாலும் பாத்திரத்தின் நிலை உயரும். நிலை உயர்ந்தால் எதிரிகளும் பலமடைவார்கள். பட்டறையில் குந்தியிருந்து நிலை 14 வரை ஏறிவிட்டு, வாள் வீசத் தெரியாமல் ஒரு கொள்ளையர் குகைக்குள் நுழைந்தேன். தலைவன் இரண்டே அடியில் என்னை முடித்தான். ஆகவே தொழில் தேர்ச்சியை ஏற்றும்போது, சண்டைத் தேர்ச்சி ஒன்றையும் சம அளவில் ஏற்றிக்கொண்டே போங்கள். எனக்கு அது வில். மறைந்திருந்து அம்பு விடுவது.

இனிப் பெரிய தந்திரத்துக்கு வருகிறேன். விளையாட்டில் அல்கெமி என்ற மருந்து காய்ச்சும் தேர்ச்சியும், என்சான்டிங் என்ற மந்திரம் ஏற்றும் தேர்ச்சியும் ஒன்றுக்கொன்று கை கொடுப்பவை. மருந்து காய்ச்சும் திறனைக் கூட்டும் மந்திரத்தைத் தலையணி, கையுறை, மோதிரம், கழுத்தணி ஆகிய நான்கிலும் ஏற்றலாம். அவற்றை அணிந்துகொண்டு, மந்திரம் ஏற்றும் திறனைக் கூட்டும் மருந்தைக் காய்ச்சலாம். அந்த மருந்தைக் குடித்துவிட்டு, முன்னையவற்றைவிடப் பலமான நான்கு அணிகளைச் செய்யலாம். இது நேர்மையான சுற்று. விளையாட்டை அமைத்தவர்கள் இதற்கு இடம் கொடுத்தே வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு சுற்றிலும் கிடைக்கும் லாபம் குறைந்துகொண்டே போய், ஓர் இடத்தில் தானாக நின்றுவிடும். சாதாரணமாக ஓர் அணிக்கு 25 சதவீதம், மருந்தின் உதவியோடு 29 வரை. அதற்கு மேல் போகாது.

போகாத அந்த இடத்தை உடைப்பது ரெஸ்டோரேஷன் மருந்து. குணமாக்கும் மந்திரங்களின் வலிமையைக் கூட்டுவதற்கான மருந்து அது. பெயரைப் பார்த்தால் காயம் ஆற்றுகிறவர்களுக்கு மட்டும் உதவும் என்று தோன்றும். ஆனால் விளையாட்டின் உள்கணக்கில், நாம் அணிந்திருக்கும் அணிகளில் ஏற்றிய மந்திரங்களும் குணமாக்கும் வகையைச் சேர்ந்தவையாகவே பதிவாகியிருக்கின்றன. ஆகவே அந்த மருந்தைக் குடித்து, அதன் வேகம் அடங்குமுன் நான்கு அணிகளையும் கழற்றி மீண்டும் அணிந்தால், நான்கின் வலிமையும் கூடிவிடுகிறது. கூடிய வலிமையோடு அதே மருந்தை மீண்டும் காய்ச்சினால் அது இன்னும் பலமாக வருகிறது. குடி, கழற்று, அணி, காய்ச்சு. இந்தச் சுற்றுக்கு வேலி கிடையாது. பெதஸ்டா இதை அடைக்கவில்லை. ரசிகர்கள் தாமாகச் செய்து வெளியிட்ட அன்ஆபிஷியல் பேட்ச் என்ற திருத்தத்தைப் போட்டிருந்தால் இது வேலை செய்யாது. நான் போட்டிருக்கவில்லை.

இது ஸ்கைரிமில் மட்டும் உள்ள வியாதி அல்ல என்று மச்சான் பின்னர் சொன்னான். 2002இல் வந்த மாரோவிண்டில், அறிவைக் கூட்டும் மருந்தைக் குடித்தால் காய்ச்சும் திறன் கூடும், அந்தத் திறனோடு இன்னும் பலமான அறிவு மருந்து காய்ச்சலாம். 2006இல் வந்த ஒப்லிவியனில், உருமறைக்கும் மந்திரத்தை 20 சதவீதம் வீதம் ஐந்து அணிகளில் ஏற்றினால் 100 ஆகிவிடும். எதிரியின் முன்னால் நின்று நாம் அடித்தாலும் அவன் திருப்பி அடிக்கமாட்டான். ஒரே குடும்பத்து ஓட்டைகள்.

மருந்துக்கு வேண்டியவை உப்பும் மீனும். அபேசியன் லாங்ஃபின் என்றொரு மீன், அதனுடன் ஒரு குவியல் உப்பு. உப்பு ஊர் ஊராகப் பீப்பாய்களுக்குள் கிடக்கிறது. மீனைத் தண்ணீருக்குள் இறங்கிக் கையால் பிடிக்கலாம். எங்கள் கரையில் உப்பும் மீனும் சேர்ந்தால் கருவாடு. சிறுவயதில் அம்மம்மாவோடு இருந்து மீனைப் பிளந்து உப்புத் தடவிய கை இது. அதனாலோ என்னவோ, அந்தக் கலவையைக் காணொளியில் பார்த்த நொடியிலேயே மனதில் ஒட்டிக்கொண்டது. மூன்று இரவுகள் மீன் பிடித்தேன். 22 மீன்கள் சேர்ந்தன.

அந்த இரவில் மின்சாரம் பத்து மணிக்கு வந்தது. வைட்ரன் என்ற நகரத்தின் அரண்மனையில் மந்திரவாதி பாரெங்காரின் அறையில் மருந்து காய்ச்சும் மேசையும் மந்திரம் ஏற்றும் மேசையும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. என் பாத்திரத்தின் நிலை 31. காய்ச்சும் தேர்ச்சி 62. முதல் நான்கைந்து சுற்றுகளில் மருந்தின் வலிமையைக் காட்டும் எண் மெதுவாகத்தான் ஏறியது. காணொளியில் சொன்னது பொய்யோ என்று நினைத்தேன். பிறகு ஒரு சுற்றில் நூறுகளிலிருந்து ஆயிரத்துக்குத் தாவியது. அடுத்ததில் பத்தாயிரம். அதற்கடுத்ததில் இலட்சம். 62இல் இருந்த தேர்ச்சி ஒரே குப்பியில் 100 ஆனது. திரையின் மேல்பகுதியில் எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஓடின. நெஞ்சு படபடத்தது. இப்போதும் அந்த மேசையின் பச்சை நிறப் புகையும், வெளியே தெருநாய் குரைத்த சத்தமும் சேர்ந்தே நினைவுக்கு வருகின்றன. இன்னும் இரண்டு சுற்றுப் போனேன். குப்பியின் விலைக்கு முன்னால் ஒரு கழித்தல் குறி விழுந்தது. அதற்கடுத்த குப்பியில் விளையாட்டு அப்படியே மூடிக்கொண்டது.

கழித்தல் குறி ஏன் விழுகிறது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள், அதுதான் எச்சரிக்கை மணி. இந்த மாதிரியான கணக்குகளை வைக்கும் இடத்தில் அடங்கக்கூடிய ஆகப் பெரிய எண் 2,147,483,647. அதைத் தாண்டினால் எண் மறுமுனைக்குச் சுற்றிக்கொண்டு போய்க் கழித்தலாகிவிடும். அதன் பிறகு விளையாட்டு எந்த நேரமும் உடையலாம். இலட்சம் என்ற இடத்தைக்கூட எட்டத் தேவையில்லை. உண்மையைச் சொன்னால் ஆயிரமே வேண்டியதில்லை. கவசத்தின் எண் 567க்கு வந்ததும் அடியில் 80 சதவீதம் தடுக்கப்படும், அதற்கு மேல் எத்தனை கோடி ஏற்றினாலும் ஒரு துளி கூடாது. மாய எதிர்ப்புக்கு 85 சதவீதம் உச்சம். இந்த இரண்டு எண்களையும் தெரிந்திருந்தால் நான் மூன்றாவது சுற்றிலேயே நிறுத்தியிருப்பேன்.

நிறுத்தவில்லை. மூடிக்கொண்ட விளையாட்டை மீண்டும் திறந்து, உடையும் இடத்துக்குச் சற்று முன்னால் வரை போய், கொல்லர் திறனைக் கூட்டும் மருந்தைக் காய்ச்சினேன். கீழே இறங்கி ஊர் வாசலுக்கு அருகிலிருக்கும் பட்டறையில் என் வில்லைச் செம்மைப்படுத்தினேன். வில்லின் தாக்கும் வலிமை ஆறு இலக்கத்தில் வந்தது. நிலை 31இலிருந்து 38 ஆனது. அந்த மகிழ்ச்சியில், எனக்கிருந்த ஒரே சேவ் கோப்பின் மேலேயே சேமித்தேன். என் வாழ்க்கையில் இவ்வளவு யோசிக்காமல் செய்த காரியம் வேறில்லை.

மறுநாள் இரவு லிடியாவுடன் புறப்பட்டேன். முதல் டிராகனைக் கொன்றதற்காக வைட்ரன் தலைவர் எனக்குத் துணையாகக் கொடுத்தவள் லிடியா. எதிரிகள் எவ்வளவு அடித்தாலும் துணையாட்கள் முழங்காலில் விழுந்து மீண்டும் எழுவார்கள், நம் கையால் பட்டால் மட்டும் சாவார்கள். 110 மணி நேரம் எனக்குப் பின்னால் கேடயத்தோடு நடந்தவள். என் சுமைகளில் பாதி அவள் பையில். மலைப் பாதையில் ஓர் ஓநாய் பாய்ந்தது. அவள் வழமைபோல் எனக்கு முன்னால் ஓடினாள். நான் அம்பை விட்டேன். ஓநாய்க்குப் பட வேண்டியது அவள் முதுகில் பட்டது. பழைய வில்லென்றால் அவள் திரும்பி முறைத்திருப்பாள். அவள் விழுந்தாள், எழவில்லை. அம்மா அடுத்த அறையில் உறங்கிக்கொண்டிருந்தார். நான் பத்து நிமிடம் அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டு கதிரையில் இருந்தேன்.

அதன் பிறகும் நான்கு நாள் விளையாடினேன். அந்த நான்கு நாளில்தான் உண்மையான இழப்புத் தெரிந்தது. என் முதல் டிராகன், வைட்ரனுக்கு மேற்கே காவல் கோபுரத்தில் வந்த மிர்முல்னீர், என்னைக் கால் மணி நேரம் கல்லுக்குக் கல் ஓட விட்டது. அம்பு தீர்ந்து, இறந்த காவலாளியின் அம்புக்கூட்டைப் பொறுக்கி அடித்தேன். இப்போது ஒரு டிராகன் வந்தது, ஓர் அம்பு விட்டேன், எலும்பாகக் கிடந்தது. ஒரு குகைக்குள் பூட்டிய பெட்டியைத் திறந்தேன். உள்ளே கண்ணாடி வாள். ஒரு மாதத்துக்கு முன் என்றால் கொப்பியில் கோடு போட்டு எழுதியிருப்பேன். எடுக்காமல் மூடினேன். கொப்பியில் அதற்குப் பிறகு நான் எதுவுமே எழுதவில்லை. எந்த வேருக்கு எந்தப் பூ என்று தேட வேண்டிய தேவையே இல்லாமல் போய்விட்டது. வெளியில் எதுவும் கைக்கு வராத காலத்தில் உழைப்புக்குக் கூலி கிடைத்த ஒரே இடத்தை நானே மூடினேன். இது விளையாட்டுத்தானே என்று சொல்பவர்களிடம் வாதாட எனக்கு விருப்பமில்லை. அந்த மாதங்களில் எனக்கு அது விளையாட்டு மட்டுமல்ல.

சரி, பழைய இடத்துக்குத் திரும்பலாம் என்று சேவ் பட்டியலைத் திறந்தேன். இங்கே கவனமாகக் கேளுங்கள். ஸ்கைரிம் தானாகச் சேமிக்கும் கோப்புகள் மூன்றுதான். கதவுக்குள் நுழைந்தாலோ, தூங்கினாலோ, தூரப் பயணம் செய்தாலோ புதியது விழும், பழையது அழியும். நான்கு நாளில் மூன்றும் பல தடவை சுழன்றுவிட்டன. எஃப் 5 விசையை அழுத்திச் செய்யும் விரைவுச் சேமிப்பும் முன்னையதின் மேலேயேதான் விழும். நான் கையால் சேமிக்கும் கோப்பையும் ஒன்றுதான் வைத்திருந்தேன், பட்டியல் நீளாமல் ஒழுங்காக இருக்கட்டும் என்று. அதற்கும் கூடுதலாக, அட்டவணையில் இல்லாத ஒரு நேரத்தில், சேமித்துக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் போனது. யு.பி.எஸ். இருந்தது, அதன் பற்றரி செத்து ஒரு வருடமாகியிருந்தது. கையால் சேமித்த அந்தக் கோப்பும் திறக்க முடியாமல் கெட்டது. இணையச் செலவைக் குறைக்க ஸ்டீமை இணைப்பில்லாமல் ஓட்டியதால் இணையத்தில் பிரதி வைக்கும் மேகச் சேமிப்பிலும் எதுவும் இல்லை. எஞ்சியவை லிடியா இறந்த பிறகான மூன்று கோப்புகள்.

ஆகவே எந்தத் தந்திரத்தைச் செய்யப் போனாலும், முதலில் விளையாட்டை மூடுங்கள். ஆவணங்கள் கோப்புறைக்குள் மை கேம்ஸ், அதற்குள் ஸ்கைரிம் ஸ்பெஷல் எடிஷன், அதற்குள் சேவ்ஸ் என்ற கோப்புறை இருக்கும். அதை முழுதாகப் பிரதியெடுத்து, திகதியைப் பெயராக இட்டு, ஒரு பென் ட்ரைவில் போடுங்கள். இரண்டு நிமிட வேலை. நாளாந்தம் விளையாடும்போதும் பழையதின் மேல் சேமிக்காமல் புதிய கோப்பாகச் சேமியுங்கள். பட்டியல் நீளட்டும். மின்சாரம் நம்பமுடியாத ஊரில் விரைவுச் சேமிப்பை மட்டும் நம்பி இருக்காதீர்கள்.

இங்கேயே நான் நின்றிருந்தால் இழப்பு விளையாட்டோடு போயிருக்கும். மனம் ஒப்பவில்லை. விளையாடுகிறவர்களின் ஓர் அரட்டைக் குழுவில் என் நிலையை எழுதினேன். ஒருவர் தனியாகத் தொடர்புகொண்டு, கெட்ட சேவ் கோப்பைத் திருத்தும் மென்பொருள் தன்னிடம் இருக்கிறது, 4,500 ரூபாய் என்றார். அரைச் சம்பளத்தில் அது எங்கள் வீட்டின் ஒரு வாரச் சாமான் செலவு. அனுப்பினேன். ஒரு கோப்பு வந்தது. ஓட்டும்போது வைரஸ் காட், அதாவது வைரஸ் தடுக்கும் மென்பொருள், தடுக்கும், அதை நிறுத்திவிட்டு ஓட்டுங்கள், எல்லா விளையாட்டு மென்பொருள்களுக்கும் அப்படித்தான் என்றார். நிறுத்தினேன். ஓட்டினேன். ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி தோன்றி மறைந்தது. வேறு எதுவும் நடக்கவில்லை. திரும்பக் கேட்டபோது அவர் கணக்கே இல்லை.

காலையில் அக்கா கணினியைத் திறந்து, "தம்பி, என் கட்டுரை ஏன் திறக்கவில்லை?" என்று கேட்டார். போய்ப் பார்த்தேன். எல்லாக் கோப்புகளின் பெயருக்குப் பின்னாலும் புரியாத எழுத்துகள் ஒட்டியிருந்தன. புகைப்படங்கள், அப்பாவின் ஓய்வூதியப் பத்திரங்களின் பிரதிகள், அக்காவின் 43 பக்கம், எல்லாம். ஒவ்வொரு கோப்புறைக்குள்ளும் பணம் கேட்டு ஒரு கடிதம், டொலரில். வாழைச்சேனையில் கணினி திருத்தும் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் பார்த்துவிட்டு, பணத்தைக் கொடுக்காதீர்கள், கொடுத்தாலும் கோப்புகள் திரும்பும் என்பதற்கு உறுதி கிடையாது என்று நேர்மையாகச் சொன்னார். வன்தட்டைத் துடைத்து விண்டோஸைப் புதிதாகப் போட்டார். 7,000 ரூபாய். அக்கா தன் விரிவுரையாளருக்கு மின்னஞ்சலில் அனுப்பியிருந்த முதல் 17 பக்கங்கள் மட்டும் மீண்டன.

அக்கா என்னைத் திட்டவில்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. கையால் எழுதிய பழைய தாள்களைத் தேடியெடுத்து, மீதி 26 பக்கங்களையும் மின்வெட்டுகளுக்கிடையில் மறுபடி தட்டச்சு செய்தார். இரவு நேரத்தையும் அவருக்கே கொடுத்தேன். நான் பக்கத்தில் இருந்து தாளை வாசிப்பேன், அவர் அடிப்பார். மின்சாரம் போகும் நேரத்துக்கு ஐந்து நிமிடம் முன்பு நான் சொல்வேன், அவர் சேமித்து, பென் ட்ரைவில் ஒரு பிரதி போட்டு, அதைக் கழற்றி என் கையில் தருவார். பன்னிரண்டு நாள் அப்படி இருந்தோம்.

ஒருவரும் எனக்குச் சொல்லாத விடயம் ஒன்றைச் சொல்லவே இவ்வளவு தூரம் வந்தேன். நான் பணம் கொடுத்துத் தேடிய அத்தனையும் விளையாட்டுக்குள்ளேயே இலவசமாக இருந்தது. கணினியில் விளையாடும்போது, விசைப்பலகையில் 1க்கு இடப்பக்கத்திலிருக்கும் விசையை அழுத்தினால் கட்டளைப் பெட்டி திறக்கும். இறந்தவரின் உடலைச் சொடுக்கி ரிசரெக்ட் என்ற சொல்லை ஆங்கிலத்தில் அடித்தால் அவர் எழுவார். லிடியா எழுந்திருப்பாள். வில்லைக் கீழே போட்டுவிட்டு அவளை எழுப்பியிருந்தால் நான் ஏறக்குறையப் பழைய இடத்துக்கு வந்திருப்பேன். 100க்கு ஏறிய தேர்ச்சியைக்கூட, 2013இல் வந்த லெஜன்டரி வசதியால் 15க்கு இறக்கி, அதில் செலவிட்ட புள்ளிகளைத் திரும்பப் பெற்று வேறு தேர்ச்சிக்குப் போடலாம். இவற்றை மச்சானிடம் கேட்டிருந்தால் ஒரு குரல் பதிவில் சொல்லியிருப்பான். வெட்கத்தில் கேட்கவில்லை. அவன் வாங்கித் தந்ததைக் கெடுத்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை. வெளியாள் ஒருவர் தரும் மென்பொருளுக்காக வைரஸ் காட்டை நிறுத்தச் சொன்னால், அந்த இடத்திலேயே உரையாடலை முடித்துவிடுங்கள். வேறு காரணம் தேட வேண்டாம்.

பணக் கணக்கு இது. ஏமாந்தது 4,500, கணினிக்கு 7,000, காணொளிகளும் கோப்புகளும் தேடிய இணையச் செலவு கிட்டத்தட்ட 2,000. பிற்பாடு யு.பி.எஸ். பற்றரிக்கு 14,000. கடைசியானதை நான் இழப்பில் சேர்க்கவில்லை, ஒரு வருடம் முன்னரே வாங்கியிருக்க வேண்டியது அது.

அக்கா கட்டுரையைச் சமர்ப்பித்த பிறகு, ஓகஸ்ட் மாதத்தில் புதிய பாத்திரம் ஒன்றைத் தொடங்கினேன். பழைய கொப்பியைத் தூசு தட்டி, மறுபக்கத்திலிருந்து எழுதத் தொடங்கினேன். இந்த முறை அன்ஆபிஷியல் பேட்சைப் போட்டேன். சில நாள் உப்பைக் கண்டால் கை தயங்கியது, பிறகு பழகியது. நேர்மையான சுற்றில் நான்கு அணிகளையும் 25க்குக் கொண்டுவர எனக்கு நவம்பர் வரை பிடித்தது.

டிசம்பரில் மச்சான் விடுமுறையில் வந்தான். முழுவதையும் அப்போதுதான் சொன்னேன். கேட்டுவிட்டு வெகுநேரம் பேசாமல் இருந்தான். "எனக்கு ஒரு அழைப்பு எடுத்திருக்கலாமே மச்சான்" என்றான். பிறகு அந்தச் சுற்றைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும் என்றான். சேவ்ஸ் கோப்புறையைப் பென் ட்ரைவில் போட்டுக் கழற்றி மேசை இலாச்சிக்குள் வைத்தேன். பேட்சை நீக்கினேன். வைட்ரனில் வாங்கியிருந்த வீட்டில் லிடியாவை விட்டுவிட்டுத் தனியாக அரண்மனைப் படிகளில் ஏறினேன். நள்ளிரவு வரை காய்ச்சினோம். கழித்தல் குறி விழும் வரை போனோம், அவன் ஆச்சரியப்பட்டுத் திரையைக் கைபேசியில் படம் எடுத்தான். பிறகு அந்தச் சேவ்களை அழித்தேன். பேட்சை மீண்டும் போட்டு, இலாச்சியிலிருந்து பழைய கோப்புறையை எடுத்துப் பதித்தேன். விளையாட்டு திறந்தபோது லிடியா மேல்மாடியில் கதிரையில் இருந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தாள்.